வண்டலூர் மலையும் எங்கள் அரைக்காணியும்

போன பங்குனியில் நம் இயக்கத்து நண்பர்கள் ஆறேழு பேர் எங்கள் கழனிக்கு வந்திருந்தார்கள். அதில் ஒருவர் நீலகிரிக்காரர். கோத்தகிரிப் பக்கம் கேரட்டும் பூண்டும் மருந்தடிக்காமல் விளைவிக்கிறவர். களத்துமேட்டில் நின்று, "அதோ, அதுதான் எங்க மலை" என்று நான் கை காட்டியதும் சிரித்துவிட்டார். "எங்க ஊர்ல இதுக்கு மேடுன்னு பேருண்ணே" என்றார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. அவர் ஊர்ப்பக்கத்து முக்குருத்தித் தேசியப் பூங்காவில் முக்குருத்திச் சிகரம் மட்டும் 2,554 மீட்டர் உயரம். இங்கே பரங்கிமலை கிட்டத்தட்ட 300 அடி. வண்டலூர் மலையும் ஏறத்தாழ அந்த ரகம்தான். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிச் செங்கல்பட்டுப் பக்கம் போகிறவர்கள் பெருங்களத்தூர் தாண்டியதும் இடது கைப்பக்கம் பார்த்தால் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு பச்சை முதுகு தெரியும். பாதிப்பேர் அந்த நேரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மதியம் சாப்பாடு முடிந்து எல்லாரும் கிணற்றடிக்கு வந்தோம். பங்குனிக் கடைசி, நல்ல வெயில். எங்களுடையது 32 அடிக் கிணறு. அதில் பன்னிரண்டு அடி தண்ணீர் நின்றது. சுற்றிலும் 400 அடி, 600 அடி போர் போட்டுவிட்டு லாரித் தண்ணீர் வாங்குகிற வீடுகள். நீலகிரி நண்பர் எட்டிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இத்தன வீட்டுக்கு நடுவுல இது எப்படிண்ணே நிக்குது?" என்றார். அன்றைக்கு நேரம் போதவில்லை. பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டதால் இந்தக் கட்டுரை.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம், தாம்பரம் பச்சைமலை, நன்மங்கலம், வண்டலூர் எல்லாம் ஒரே குடும்பத்துக் கருங்கல் குன்றுகள். இந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1890-களில் இதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற வெள்ளைக்காரரின் கல்லறைக்கு நம் பகுதிக் கல்தான் போயிருந்ததாம், அதனால் அந்தப் பெயர். அதற்கும் முன்னால், 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியதே அதிலிருந்துதான். உடைத்து எடுத்தது போக மிஞ்சியவைதான் இன்றைக்கு நாம் பார்க்கும் குன்றுகள். திரிசூலம், பம்மல் பக்கம் போனால் குன்று இருந்த இடத்தில் பள்ளமும் அதில் பச்சைத் தண்ணீரும் இருக்கும்.

கருங்கல் தண்ணீர் குடிக்காது. அது வெடித்திருக்கிற இடத்தில் மட்டும் இறங்கும். பாறைக்கு மேலே மக்கி உதிர்ந்த ஒரு அடுக்கு இருக்கும், அதுதான் எங்கள் கிணறுகளுக்கு ஊற்று. அந்த அடுக்கின் மேல் மரமும் புதரும் சருகும் இருந்தால் மழை நின்று நிதானமாக இறங்கும். இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் வழிந்து ரோட்டுக்குப் போய்விடும். நீலகிரியில் சோலையும் புல்வெளியும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடுவதால்தான் பவானி ஆறு பிறக்கிறது. அங்கே பஞ்சு போன்ற மண் செய்கிற வேலையை இங்கே களாவும் காரையும் சூரையும் செய்கின்றன. அளவு சின்னது, வேலை ஒன்றுதான்.

எவ்வளவு சின்னது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 எக்டேர். ஒரு எக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அப்படியானால் பூங்காவுக்குள் விழுவது மட்டும் 840 கோடி லிட்டருக்கு மேல். 2019 ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், நினைவிருக்கும். 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ரயில் 3,300 தடவைக்கு மேல் வந்தால்தான் பூங்காவில் பெய்கிற மழைக்குச் சரியாகும். எல்லாம் மண்ணுக்குள் இறங்காது. ஆவியாவதும் வழிவதும் போகக் கொஞ்சம்தான் இறங்கும். அந்தக் கொஞ்சத்தில்தான் எங்கள் கிணறு நிற்கிறது.

அடுத்தது வெயிலும் மழையும். இங்கே புதிதாக நிலம் பிடிக்க நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வர வேண்டும். காவிரிப் பக்கத்துக் கணக்கை இங்கே வைத்தால் உதைக்கும். எங்களுக்கு ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தென்மேற்குப் பருவத்தில் கிடைக்கும். அதுவும் நாள் முழுக்கத் தூறாது. ஆடி, ஆவணியில் மத்தியானம் வரை சுட்டெரித்துவிட்டு, சாயங்காலம் மேற்கே கருத்துக்கொண்டு வந்து இடியோடு ஒரு மணி நேரம் கொட்டும். சொர்ணவாரிப் பட்டத்துக் குள்ளக்காருக்கு இந்த இடிமழை அமிர்தம். அதில் பாதியும் ராத்திரியில் பெய்வதால் காலையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மீதி மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு கடலிலிருந்து வருகிறது. வந்தால் ஏரி உடைகிற மாதிரி வரும். வராவிட்டால் அடுத்த சித்திரையில் தெரியும் சங்கதி.

கத்திரி வெயிலில் கடல்காற்றுதான் எங்களுக்குத் தெய்வம். மெரினாவுக்கு மத்தியானமே வந்துவிடுகிற காற்று, தாம்பரம் தாண்டி எங்களிடம் வர இன்னும் நேரமாகும். மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் அது வந்தே சேராது. அன்றைக்கு 42 டிகிரியில் கத்தரிப்பூவெல்லாம் உதிரும். மலை இருப்பதால் சூடு குறையும் என்று சொல்லுவார்கள். அரை உண்மை. மொட்டைப்பாறை இருக்கிற பக்கம் ராத்திரி எட்டு மணிக்கும் அனலடிக்கும். புதர் மூடின பக்கம்தான் குளிர்ச்சி. எங்கள் கழனி புதர்ப்பக்கத்து அடிவாரத்தில் இருப்பது எங்கள் பாட்டன் செய்த புண்ணியம். மார்கழியில் பனி இறங்கும். மீனம்பாக்கத்தில் விமானம் நின்றுபோகிற அளவுக்குச் சில நாள் மூடுபனி இருக்கும். கீரைக்கு அது நல்லது. கொத்தவரைக்குச் சாம்பல்நோய் வந்துவிடும்.

ஒரு காலத்தில் இந்தக் காற்றுக்காகவே இங்கே ஆட்கள் வந்திருக்கிறார்கள். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்கான மருத்துவமனையைப் பச்சைமலை அடிவாரத்தில் தொடங்கியதற்குக் காரணம், சுத்தமான காற்றும் திறந்த வெளியும்தான். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் கதை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று அந்த நிறுத்தத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கிறவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்கிறார்கள்.

இனிச் செடிகொடி. நான் நாள் முழுக்கப் பேசுவேன், ஆசிரியர் வெட்டிவிடுவார் என்பதால் நம் வேலைக்கு ஆகிறதை மட்டும் சொல்கிறேன். வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகளும், கிண்டியும், சேலையூர்க் காட்டில் 1937-இல் வந்து உட்கார்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கரும் ஒரே காட்டின் துண்டுகள். உயரம் இல்லாத, முள்ளும் தடித்த இலையும் உள்ள காடு. ஆண்டில் ஏழெட்டு மாதம் மழை இல்லாமல் இருந்து பழகியது. வெளியூர்க்காரர் பார்த்தால் "என்ன இது, வெறும் புதரு" என்பார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது அந்தப் புதரின் அருமை தெரிந்தது. பூங்காவிலும் தாம்பரம் தெருக்களிலும் தூங்குமூஞ்சி, குல்மொகர் மாதிரி வெளிநாட்டு மரங்கள் வேரோடு சாய்ந்தன. பூங்காவைப் பல வாரம் மூடி வைத்திருந்தார்கள். மலைமேல் களாவும் உசிலும் வீரையும் இலை உதிர்ந்து நின்றன, சாயவில்லை. தையில் மறுபடி துளிர்த்துவிட்டன. அந்த ஆண்டுதான் எங்கள் வரப்பிலிருந்த கிளிரிசிடியாவைப் பாதி எடுத்துவிட்டு, காட்டுமரங்களை உயிர்வேலியில் வைக்கத் தொடங்கினேன்.

இப்போது மேற்கு வேலி முழுக்க நொச்சியும் ஆடாதொடையும். வடக்கே களா. முள்ளுக்கு முள்ளும் ஆச்சு, ஆனியில் ஊறுகாய்க்குக் காயும் ஆச்சு. எங்கள் அம்மா களாக்காய் ஊறுகாயைக் கீரைக்கட்டோடு சேர்த்தே விற்றுவிடுவார். மூலையில் நாலு உசில். இதைத்தான் மேற்கத்தி மாவட்டங்களில் அரப்பு என்பார்கள். ஐந்து லிட்டர் புளித்த மோருக்கு இரண்டு கிலோ உசிலந்தழையை அரைத்துப் போட்டு ஏழு நாள் மூடி வைத்து, பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் கலந்து தெளிக்கிறேன். கத்தரி, வெண்டை பூக்கிற சமயத்தில் நல்ல பலன். தழை அரப்புத்தூளாகக் கடையில் கிடைக்கிறது, ஆனால் பச்சைத்தழைக்கு ஈடாகாது. பூச்சிவிரட்டிக்கு நொச்சி, ஆடாதொடை, வேம்பு, எருக்கு, இன்னும் ஆடு வாய் வைக்காதது எதுவானாலும் சரி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காப்புக்காட்டுக்குள் போய்த் தழை ஒடிப்பதும் விதை பொறுக்குவதும் குற்றம். நம் ஆட்களே சிலர் "இயற்கை வேளாண்மைக்குத்தானே" என்று சாக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வேண்டாம். வேலிக்கு வெளியே சாலையோரத்தில், கோயில் நிலத்தில், ஏரிக்கரையில் இதே மரங்கள் நிற்கின்றன. பறவை எச்சத்தில் முளைத்த கன்றுகளும் வரப்பில் தானாக வரும். நான் வைத்த களாவில் பாதி மைனா விதைத்ததுதான்.

காட்டை ஒட்டி வெள்ளாமை செய்தால் விருந்தாளிகளும் உண்டு. ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வரும். வடக்கேயிருந்து வருகிற பறவை. சருகுக்குள் புழு கிளறிக்கொண்டு காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டைக் குரல் கொடுக்கும். எங்கள் வாழைத்தோப்பு மூடாக்கில் இரண்டு வருடமாகத் தங்குகிறது. மூடாக்கு போடாத காலத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. கொம்பன் ஆந்தையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நன்மங்கலத்தைச் சொல்லுவார்கள், கைவிட்ட கல்குவாரியின் செங்குத்துப் பாறையில் அது கூடு வைக்கும். அங்கிருந்து எங்கள் கழனி தூரம். ஆனாலும் வேறு ஆந்தைகள் வருகின்றன. சம்பாவில் ஏக்கருக்குப் பதினைந்து இருபது ஆந்தைக்குச்சி நட்டு வைத்தால் எலிக்கு மருந்தே வேண்டாம். குச்சியின் அடியில் உமிழ்ந்து கிடக்கும் உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால் எலி எலும்பை எண்ணலாம். என் மகளுக்கு அது ஒரு விளையாட்டு.

தொல்லை என்றால் மயில். பொய் சொல்லக் கூடாது, மயில் எனக்கு அழகாகத் தெரிந்து பத்து வருடமாகிறது. தக்காளிப் பழத்தைக் கொத்தும், வேர்க்கடலை முளையைப் பிடுங்கும். விதைத்த பாத்தியின் மேல் பனை ஓலையைப் பரப்பி எட்டு நாள் கழித்து எடுக்கிறேன். அதற்குமேல் ஒரு வழியும் சரிப்படவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேசியப் பூங்கா என்ற பட்டம் நம் நகரத்தில் கிண்டிக்குத்தான். 2.7 சதுர கிலோமீட்டர்தான். மலையில்லாத சமதளம். வெளிமானும் புள்ளிமானும் உண்டு. வண்டலூர்ப் பூங்காவின் மூதாதை 1855-இல் தொடங்கிய சென்னை மிருகக்காட்சிசாலை. நகருக்குள் இடம் போதாமல் 1985-இல் இங்கே வந்தது. எல்லாரும் சிங்கத்தையும் வெள்ளைப்புலியையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் உழவர் என்றால் கூண்டுகளை விட்டுவிட்டு ஓட்டேரி ஏரிக்கரையில் உட்காருங்கள். சுற்றியுள்ள மேட்டில் பெய்வது எப்படி அங்கே வந்து சேருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். மழை நல்லபடி பெய்த வருடம் மார்கழியில் நாரை, நத்தைகொத்தி, வாத்து என்று நிறைந்திருக்கும். மழை ஏமாற்றிய வருடங்களில் அதே ஏரி வெடித்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். நெடுங்குன்றம் ஏரியில் இறங்கிக் குளிக்கிற எண்ணம் மட்டும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முதலை ஒன்று சாலையைக் கடந்து போன காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. தொலைக்காட்சிக்காரர்களுக்குத்தான் புதுசு.

இப்போது கிணற்றுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் நிலம் ஒரு காணி. அப்பாவுக்கு அரை, பெரியப்பாவுக்கு அரை. இரண்டுக்கும் நடுவில் கிணறு. மலையடியிலிருந்து ஒரு ஓடை இறங்கி எங்கள் வடக்கு வரப்பை ஒட்டிப் போய் ஒரு தாங்கலில் விழும். தாங்கல் நிறைந்தால் கலங்கல் வழியாகப் பெரிய ஏரிக்கு. செங்கல்பட்டுச் சீமை முழுக்கவே இந்த அமைப்புதான். மலை, ஓடை, தாங்கல், ஏரி என்று ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஓடையில் ஓடுகிற மூன்று மாதமும் எங்கள் கிணறு ஏறும். தாங்கலில் நிற்கிற நாலு மாதமும் இறங்காது.

2012 வாக்கில் எங்களுக்கு மேற்பக்கம் மனை போட்டார்கள். யார் என்ன என்பதெல்லாம் இப்போது வேண்டாம். ஒரு கோடை விடுமுறையில் பொக்லைன் வந்து சமன் செய்து, ஓடையை மண்போட்டு மூடி, அதன் மேலே முப்பதடி சாலை போட்டுவிட்டார்கள். அப்பா போய்க் கேட்டதற்கு, "பெரியவரே, அதுல தண்ணி போயி எத்தன வருசமாச்சு?" என்றார்களாம். போன கார்த்திகையில் போயிருந்தது. அதை யாரிடம் சொல்வது? அடுத்த இரண்டு வருடம் மழையும் சுமார். கிணறு பங்குனியிலேயே வற்றியது. நாங்கள் சொர்ணவாரியை விட்டோம். பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், டிரைவர் வேலைக்குப் போனார்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். ஒரு ஏக்கரில் கிட்டத்தட்ட 20 லட்சம் லிட்டர் தண்ணீர் அது. முடிச்சூர், வரதராஜபுரம் அடையாற்றில் மூழ்கியது உலகத்துக்கே தெரியும். எங்கள் பக்கம் நடந்தது செய்தியில் வரவில்லை. மலைத்தண்ணீர் தன் ஓடையைத் தேடி வந்தது. ஓடை இல்லை. வீடுகள் இருந்தன. சாலைக்கு மேற்கே இடுப்பளவு தண்ணீர் தேங்கி, ராத்திரி பதினோரு மணிக்குச் சாலையை அறுத்துக்கொண்டு எங்கள் கழனிக்குள் பாய்ந்தது. நட்டு ஒரு மாதமான சம்பா முழுக்க மண்ணில் புதைந்தது. கிணற்றில் பாதிக்கு மணல். மறுநாள் காலையில் அந்த மனைவீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் களத்துமேட்டுக்குத்தான் வந்தார்கள். அது ஒன்றுதான் மேடு.

அதுவரைக்கும் எனக்கு அவர்கள் மேல் கோபம் இருந்தது. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தபோது பேசினதில் தெரிந்தது, இருபது வருடக் கடன் வாங்கி வீடு கட்டியவர்கள், அந்த இடத்தில் ஓடை ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அவர்களும் ஏமாந்தவர்கள்தான்.

ஓடையைத் திரும்பக் கேட்டு நாங்கள் தனியாக மூன்று வருடம் மனுக் கொடுத்து நடக்காதது, அவர்களும் சேர்ந்ததும் நடந்தது. அதில் ஒரு அம்மா கணக்குத் தணிக்கை வேலையில் இருந்தவர். புலப்படம், 'அ' பதிவேடு இரண்டுக்கும் நகல் வாங்கி, ஓடைப் புறம்போக்கு என்று எழுதியிருப்பதைப் பச்சை மையில் அடிக்கோடிட்டு எடுத்துக்கொண்டு போனார். நம் ஆட்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை, புலப்படத்துக்கு உண்டு. நாலு தடவை தேதி கொடுத்துவிட்டு வராமல் ஐந்தாவது தடவை அளக்க வந்தார்கள். முழு ஓடையும் திரும்பக் கிடைக்கவில்லை. சாலைக்குக் குறுக்கே மூன்றடிக் குழாய் இரண்டு பதித்து, அதற்கு மேலும் கீழும் கால்வாயாக வெட்டிவிட ஒத்துக்கொண்டார்கள். குழாய்க்கு மனைவீட்டுக்காரர்கள் பணம் போட்டார்கள், வெட்டுக்கூலிக்கு நாங்கள் ஆள் போட்டோம். 2017 ஆவணியில் முடிந்தது. அந்த ஐப்பசியில் தாங்கலில் தண்ணீர் நின்றது.

2018-இல் வடகிழக்குப் பருவம் ஏமாற்றியது. 2019 கோடையில் சென்னைக்கே தண்ணீர் இல்லை. எங்கள் பக்கம் போர் எல்லாம் காற்றைத்தான் கக்கியது. அந்த ஆனியில் எங்கள் கிணற்றில் விடியற்காலையில் நாலடி இருக்கும். அரை மணி நேரம் மோட்டார் ஓடும். அப்புறம் மறுநாள்தான். பத்து சென்டில் மட்டும் அரைக்கீரை வைத்துக்கொண்டு மீதியைத் தரிசாக விட்டோம். காலை ஐந்து மணிக்குக் குடத்தோடு மனைவீட்டுப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். வீட்டுக்கு மூன்று குடம் என்று அப்பா கணக்கு வைத்தார். ஒருத்தரையும் திருப்பி அனுப்பவில்லை. குழாய் பதித்ததால் மட்டும்தான் அந்த நாலடி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கிணற்று மணலை வாரி எடுத்தோம், வரப்பு உயர்த்தினோம், மூடாக்கு போட்டோம், எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ஓடை மூடியிருந்த ஆண்டுகளில் அந்த நாலடி இருந்ததில்லை.

இதெல்லாம் தெரிந்தும் போன வருடம் அண்ணன் வந்து, "நான் என் பாதிய குடுத்துடலாம்னு கீறேன்டா" என்றார். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்ததிலிருந்து இங்கே சென்டுக்குச் சொல்கிற விலையை உழுது சம்பாதிக்க எனக்கு நாலு பிறவி வேண்டும். அவருக்கு இரண்டு பெண். பெரியவள் நர்சிங் படிக்கிறாள். நான் என்ன சொல்ல முடியும்? "விக்காதண்ணே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பாதியில்தான் கால்வாய் வந்து சேருகிறது. விற்றால் கிணறு யாருக்கு என்ற பேச்சு வரும். எங்கள் இருவருக்கும் அது தெரியும். "தை வரைக்கும் பாரு" என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார்.

இந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி பத்து மணிக்குமேல் நல்ல மழை. ஒன்றரை மணி வாக்கில் எழுந்து, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். வருடா வருடம் பிளாஸ்டிக் பையும் தெர்மக்கோலும் வந்து அடைக்கும். தூரத்திலேயே டார்ச் வெளிச்சம் தெரிந்தது. அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று, மண்வெட்டியால் குழாய் வாயிலிருந்து ஒரு மெத்தையை இழுத்துக்கொண்டிருந்தார். யாரோ போட்ட பழைய மெத்தை, தண்ணீர் குடித்து இரண்டாள் கனம். "இன்னாடா பாத்துகினு நிக்கிற, பிடி அந்தப் பக்கம்" என்றார். இரண்டு பேரும் இழுத்துக் கரையில் போட்டதும் குழாய் ஒரு சத்தத்தோடு இழுத்தது. தண்ணீர் மறுபக்கம் செம்மண் நிறத்தில் பொங்கிக்கொண்டு தாங்கலைப் பார்த்துப் போனது.

கரையில் உட்கார்ந்து ஈர பீடியைப் பற்ற வைக்கப் பார்த்தார், பற்றவில்லை. "நாத்து எவ்ளோ வுட்ருக்க?" என்றார். ஒரு காணிக்கு வரும் என்றேன். தூயமல்லி. அடுத்த வாரம் அவர் பாதியிலும் சேர்த்தே நட்டோம்.